ரயில் போன வழி

2011 ஜூன் 30-ஆம் தேதி இரவு சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி ரயில் புறப்பட்டது. ஓட்டியவர் ஜொகூர் சுல்தான் இப்ராஹிம். வழியனுப்ப வந்த கூட்டம் மேடை கொள்ளவில்லை. மறுநாள் முதல், தென்கோடித் துறைமுகப் பகுதியிலிருந்து வடகோடி உட்லண்ட்ஸ் வரை ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு நாடா நிலம் சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்தது. சதுர அடிக்குச் சதுர அடி கணக்குப் பார்க்கிற ஊர் அது. அடுக்குமாடி எழும், விரைவுச்சாலை வரும் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். இன்று அதில் மக்கள் நடக்கிறார்கள், ஓடுகிறார்கள், சைக்கிள் மிதிக்கிறார்கள்.

ரயில் நின்றுபோன தடத்தை நடைபாதையாகவும் சைக்கிள் பாதையாகவும் மாற்றலாமா, எங்கே பலித்தது, எங்கே சறுக்கியது, யாருக்கு ஆதாயம், யாருக்கு இழப்பு என்பதில் உலகத்துக்கு இப்போது அறுபதாண்டு அனுபவம் சேர்ந்திருக்கிறது. அந்த அனுபவத்தைப் புரட்டிப் பார்க்கையில் எனக்குப் படுவது இதுதான்: தளம் போடுவது, விளக்கு வைப்பது, பெஞ்சு போடுவது எல்லாம் பிற்பாடு வரும் வேலைகள். தடம் துண்டு துண்டாகாமல் ஒரே கையில் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. அதில் தவறிய ஊர்கள் பிறகு எவ்வளவு செலவழித்தும் மீட்க முடியாமல் நின்றிருக்கின்றன.

சிங்கப்பூர்த் தடம் துண்டாகாமல் தப்பியதற்கு முதற்காரணம் ஒரு நீண்ட வழக்கு. 1918-இல் காலனி அரசு அந்த ரயில் நிலத்தை மலாய்க் கூட்டு மாநிலங்களின் ரயில்வேக்கு 999 ஆண்டுக் குத்தகையாக எழுதிக் கொடுத்தது. 1965-இல் சிங்கப்பூர் தனிநாடு ஆனது; ரயில்வேயோ மலேசியாவினுடையது. ஆக, ஒரு நாட்டின் நடு வயிற்றில் இன்னொரு நாட்டின் ரயில் நிலம். 1990-இல் சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் யூவும் மலேசிய நிதி அமைச்சர் டாயிம் ஜைனுத்தீனும் ஒப்பந்தம் போட்டார்கள்; அதற்கு என்ன பொருள் என்பதிலேயே அடுத்த இருபது ஆண்டு போயிற்று. 1998-இல் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை உட்லண்ட்ஸுக்கு மாற்றிக்கொண்டது. மலேசியா தஞ்சோங் பகாரிலேயே இருந்துவிட்டது. அதனால் பயணிகள் சிங்கப்பூரை விட்டு வெளியேறும் முன்பே மலேசியாவுக்குள் நுழைந்துவிடுகிற விநோதம் பல ஆண்டு நடந்தது. 2010 மே மாதம் இரு நாட்டுப் பிரதமர்களான லீ சியன் லூங்கும் நஜிப் ரசாக்கும் பேசி முடித்தார்கள். ரயில் நிலத்துக்கு ஈடாக மெரினா சவுத்திலும் ஓஃபிர்–ரோச்சோரிலும் கட்டட மனைகள் கைமாறின. இந்த இழுபறி இல்லாதிருந்தால் அந்த நாடா நிலத்தை 1970-களிலேயே நகரம் விழுங்கியிருக்கும். அடுத்த வீட்டுக்காரனோடு வழக்கில் இருந்த நிலத்தில் மரம் வளர்ந்துவிட்ட கதைதான்.

இரண்டாவது காரணம், சரியான நேரத்தில் வந்த ஒரு விண்ணப்பம். 2010-இலேயே, ரயில் நிற்பதற்கு முன்பே, சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் இந்தத் தடத்தை அறுபடாத பசுமை வழியாக வைத்திருக்க வேண்டும் என்று எழுத்துமூலம் அரசிடம் கொடுத்தது. ரயில் நின்ற மறுநாளிலிருந்து சில வாரம் தண்டவாளத்தின் மீதே பொதுமக்கள் நடக்க அனுமதி கிடைத்தது. அதுவரை ஜன்னல் வழியாக மட்டும் பார்த்த காட்டைக் குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்தார்கள். விண்ணப்பத்தைவிட அந்த நடைதான் அதிகம் சாதித்தது என்பது என் கணிப்பு. ஒருமுறை நடந்து பார்த்தவர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். பிறகு தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டு மலேசியாவுக்குத் திரும்பின. புக்கிட் தீமாவின் இரண்டு இரும்புப் பாலங்களும், அங்குள்ள நிலையத்தருகே சிறு நீளத் தண்டவாளமும் அப்படியே விடப்பட்டன. 2015-இல் நடந்த வடிவமைப்புப் போட்டியில் ஜப்பானின் நிக்கென் செக்கெய் நிறுவனம் தேர்வானது. 2021 மார்ச்சில் ஹில்வியூவுக்கும் புக்கிட் தீமா நிலையத்துக்கும் இடைப்பட்ட 4 கிலோமீட்டர் பகுதி சீரமைக்கப்பட்டுத் திறந்தது. 2022 ஜூலையில் நிலையக் கட்டடம் திறந்தது.

அந்த நிலையத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 1932-இல் கட்டிய சிறு செங்கல் கட்டடம். இங்கே பயணிகளைவிட முக்கியமானது எதிரெதிர் வண்டிகள் ஒன்றையொன்று கடந்து போவதற்கான இரண்டாவது தண்டவாளம். ஒற்றைத் தடத்தில் இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் வந்துவிடாமல் இருக்க ஒரு பழைய முறை உண்டு. ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடைப்பட்ட பகுதிக்கு உரிய உலோகச் சாவி டிரைவர் கையில் இருந்தால்தான் வண்டி அந்தப் பகுதிக்குள் போகலாம். பெரிய பிரம்பு வளையம் போன்ற ஒன்றில் சிறு தோல்பை, பைக்குள் சாவி. வண்டி நிற்காது, வேகத்தைக் குறைக்கும். மேடையில் நிற்பவர் கையை உயர்த்தி வளையத்தை நீட்ட, எஞ்சினிலிருந்து ஒரு கை அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பழைய வளையத்தைக் கீழே விடும். நம் ஊர் மீட்டர் கேஜ் நிலையங்களில் இதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கணினி மயமான சிங்கப்பூரில் இது 2011 வரை நடந்தது.

இந்தத் தடத்தில் தமிழர் வியர்வையும் உண்டு. மலாயா ரயில்வேயின் எழுத்தர்களாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் யாழ்ப்பாணத்துக்காரர்கள் வந்தார்கள். ஜல்லி அள்ளவும் தண்டவாளம் தூக்கவும் தமிழ்நாட்டுக்காரர்கள் வந்தார்கள். சிங்கப்பூரின் காமன்வெல்த் டிரைவில் இன்று கோபுரத்தோடு நிற்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயில், 1930-களில் குயின்ஸ்வே அருகே தண்டவாள ஓரத்தில் ரயில்வேத் தொழிலாளர்கள் கும்பிட்ட சிறு குடிலாகத் தொடங்கியதுதான். இத்தகைய பாதைகளின் ஓரத்தில் வைக்கும் தகவல் பலகைகளில் நிலையத்தைத் திறந்துவைத்த ஆளுநர்களின் பெயர் தவறாமல் இருக்கும். கேங்மேன்களுக்கும் இரண்டு வரி ஒதுக்கலாம்.

பாதையின் பெரும்பகுதியில் விளக்கு கிடையாது. காட்டை ஒட்டிய இடங்களில் எறும்புத்தின்னி போன்ற இரவு விலங்குகள் குறுக்கே போகின்றன. அவற்றுக்காக இருட்டை அப்படியே விட்டிருக்கிறார்கள். தளமும் எல்லா இடத்திலும் சிமெண்ட் இல்லை, மழைநீர் இறங்கும் சரளையும் புல்லும் கலந்தது. அதோடு, பாதையின் ஒரு பகுதிக்கு அடியில் நகருக்கான பெரிய குடிநீர்க் குழாய் போகிறது. இது கவனிக்க வேண்டிய விஷயம். நீளமான, சொந்தக்காரர் ஒருவரேயான நிலம் கையில் இருந்தால் குழாய், கேபிள், வடிகால் எல்லாவற்றுக்கும் அதுவே வழியாகிறது. நடைபாதைக்குச் செலவழிக்க மனமில்லாத நிதித்துறைக்கும் இந்தக் கணக்கு புரியும்.

எல்லாம் வெற்றி என்று சொல்லிவிட முடியாது. 2021 பிப்ரவரியில் கிராஞ்சியில், தடத்தை ஒட்டி வளர்ந்திருந்த காட்டின் ஒரு பகுதி, சூழல் ஆய்வு முடியும் முன்பே தவறுதலாக வெட்டப்பட்டது வெளியே வந்து பெரிய சர்ச்சையானது. தடம் காப்பாற்றப்பட்டது, அதன் ஓரம் காப்பாற்றப்படவில்லை. ஓரம் போய்விட்டால், மரமில்லாத நடைபாதையில் பூமத்திய ரேகைக்குப் பக்கத்து வெயிலில் யார் நடப்பார்கள்?

சைக்கிள்காரர்களுக்குப் பழைய ரயில் பாதை ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்பதற்குக் காரணம் எஞ்சினில் இருக்கிறது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும். செங்குத்தாக ஏறாது. நூறு அடி போனால் ஓரடி ஏறுவதையே பழைய நீராவி எஞ்சின் முக்கி முனகித்தான் ஏறும். ஆகவே பொறியாளர்கள் மேட்டை வெட்டினார்கள், பள்ளத்தில் மண் கொட்டிக் கரை எழுப்பினார்கள், ஆற்றுக்குப் பாலமும் மலைக்குச் சுரங்கமும் போட்டார்கள், வளைவுகளை அகலமாக வைத்தார்கள். இவ்வளவு செலவையும் நூறாண்டுக்கு முன் யாரோ செய்து வைத்துவிட்டுப் போனார்கள். முழங்கால் வலிக்காரரும் சக்கர நாற்காலிக்காரரும் ஏழு வயதுப் பிள்ளையும் போகக்கூடிய சரிவு அது. இன்று புதிதாக அப்படியொரு பாதை போட நிலம் எடுத்தால் எந்த மாவட்டமும் தாங்காது. நியூசிலாந்தின் ஒட்டாகோ சென்ட்ரல் பாதை 152 கிலோமீட்டர். மலைநாட்டில்தான் போகிறது, ஆனாலும் வயதானவர்கள் நாலைந்து நாளில் சைக்கிளிலேயே முடித்துவிடுகிறார்கள். அங்கே 1990-இல் ரயில் நின்றது, 2000-இல் பாதை முழுதாகத் திறந்தது. தேய்ந்துகொண்டிருந்த சின்ன ஊர்களில் விடுதியும் சாப்பாட்டுக் கடையும் மறுபடி விளக்கேற்றின.

துண்டாகிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டனைப் பார்க்க வேண்டும். 1963-இல் பிரிட்டிஷ் ரயில்வேயின் தலைவர் ரிச்சர்ட் பீச்சிங் தந்த அறிக்கை 2,363 நிலையங்களையும் சுமார் 8,000 கிலோமீட்டர் பாதையையும் மூடச் சொன்னது. மூடியதோடு நிற்கவில்லை. நிலத்தைக் கூறுபோட்டு விற்றார்கள். ஓரிடத்தில் பாலம் பழைய இரும்புக்குப் போயிற்று, இன்னோரிடத்தில் கரையின் மேல் வீடு எழுந்தது, மற்றோரிடத்தில் பக்கத்து விவசாயி உழுதுவிட்டார். அதனால் இன்று அங்கே பழைய தடத்தில் சைக்கிள் ஓட்டுகிறவர், அரை மணி நேரம் சுகமாகப் போய்விட்டுத் திடீரென்று ஒரு வேலியில் முட்டிக்கொண்டு, லாரிகள் ஓடும் சாலையில் இறங்க வேண்டி வரும்.

விற்காமல் மிஞ்சிய இடங்களில்தான் நல்ல பாதைகள் வந்தன. பிரிஸ்டலுக்கும் பாத் நகருக்கும் இடையிலான 21 கிலோமீட்டர் பாதை 1979-இல் தொடங்கி 1986-இல் முடிந்தது. போட்டது பெரிய ஒப்பந்தக்காரர் யாரும் இல்லை. சைக்கிள்பேக் என்ற உள்ளூர்க் குழு தன்னார்வலர்களை வைத்துக்கொண்டு மண்வெட்டியோடு இறங்கியது. அதுதான் பிறகு சஸ்டிரான்ஸ் என்ற நாடு தழுவிய அமைப்பாக வளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை உல்லாசத்துக்கென்று ஆரம்பித்த பாதை, நாளடைவில் வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்களின் அன்றாட வழியாகிவிட்டது. 2008-இல் அதன் ஒரு பகுதியில் விரைவுப் பேருந்து விடலாம் என்று உள்ளூர் அதிகாரிகள் ஒரு திட்டம் போட்டபோது கிளம்பிய எதிர்ப்பில் திட்டம் கைவிடப்பட்டது.

அந்தப் பேருந்துத் திட்டத்தை நான் அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட மாட்டேன். தடம் என்பது பொதுப்போக்குவரத்துக்காக எடுத்த நிலம். பத்தாயிரம் பேரை ஏற்றிச் செல்லக்கூடிய வழியில் ஆயிரம் பேர் சைக்கிளில் போவது போதுமா என்று ஒருவர் கேட்டால், அது நியாயமான கேள்விதான். ஸ்காட்லாந்தில் 1969-இல் மூடிய எடின்பரோ–பார்டர்ஸ் ரயில் 2015-இல் மீண்டும் ஓடத் தொடங்கியது, ஏறக்குறைய 50 கிலோமீட்டர். இடையில் தடத்தின் மேல் எழுந்த வீடுகளையும் சாலைகளையும் தாண்டுவதற்கு ஆன செலவும் காலமும் கொஞ்சநஞ்சமல்ல. ரயில் திரும்பி வராது என்று 1969-இல் அடித்துச் சொன்னவர்கள் யாரும் அந்தச் செலவைக் கட்டவில்லை. டெர்பிஷயரின் மான்சல் பாதையிலோ இப்போதும் இரண்டு கட்சி: பழைய சுரங்கங்கள் வழியாக நடப்பவர்கள் ஒரு பக்கம், அதே சுரங்கங்களில் ரயில் திரும்ப ஓட வேண்டும் என்பவர்கள் இன்னொரு பக்கம்.

இந்த முடிச்சை அமெரிக்கர்கள் சட்டத்தால் அவிழ்க்கப் பார்த்தார்கள். 1916-இல் சுமார் 4 லட்சம் கிலோமீட்டராக இருந்த அவர்களுடைய ரயில் பாதை, காரும் லாரியும் வந்த பிறகு சுருங்கிக்கொண்டே போனது. விஸ்கான்சின் மாநிலத்தின் எல்ராய்–ஸ்பார்ட்டா பாதை 1960-களின் நடுவில் வாங்கப்பட்டு, மூன்று சுரங்கங்களோடு நடைபாதையானது. ரயில் தடத்தில் பிறந்த முதல் பாதை என்று பொதுவாக அதைத்தான் சொல்வார்கள். இல்லினாயில் அதே சமயத்தில், மே தெயில்கார்ட் வாட்ஸ் என்ற இயற்கையியலாளர் 1963-இல் சிகாகோ டிரிப்யூன் நாளிதழுக்கு எழுதிய ஒரு கடிதத்திலிருந்து இன்னொரு பாதை கிளம்பியது.

சிக்கல் எங்கே வந்தது என்றால், அமெரிக்க ரயில் கம்பெனிகள் பல இடங்களில் நிலத்தை விலைக்கு வாங்கியிருக்கவில்லை. ரயில் ஓட்டும் உரிமையை மட்டும்தான் பெற்றிருந்தன. ரயிலைக் கைவிட்டால் அந்த உரிமை செத்து, நிலம் பழைய சொந்தக்காரரின் வாரிசுகளுக்குப் போய்விடும். நூறு கிலோமீட்டர் தடம் ஒரே நாளில் முந்நூறு பேருடைய கொல்லையாகிவிடும். 1983-இல் தேசியப் பாதைகள் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. ரயில் கம்பெனி ஓட்டுவதை நிறுத்தலாம். ஆனால் பாதை நடத்த ஓர் அமைப்போ அரசு நிறுவனமோ முன்வந்தால், அந்தத் தடம் கைவிடப்பட்டதாகக் கருதப்படாது. வருங்கால ரயிலுக்காகச் சேமிப்பில் இருக்கிறது என்று பொருள். இடைக்காலத்தில் மக்கள் நடந்துகொள்ளலாம். நாளை ரயில் வேண்டுமென்றால் பாதை வழிவிட வேண்டும். சில இடங்களில் அப்படி ரயில் திரும்பியும் இருக்கிறது.

நிலச் சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? வெர்மாண்ட்டிலிருந்து கிளம்பிய பிரிசால்ட் வழக்கில், 1990-இல் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும் என்றது. அதோடு, நிலம் பறிபோனதாகக் கருதுகிறவர் அரசிடம் இழப்பீடு கேட்டு வழக்குப் போடலாம் என்றும் சொன்னது. நிறையப் பேர் போட்டார்கள். கணிசமான தொகை போயிற்று. 2014-இல் வயோமிங்கைச் சேர்ந்த பிராண்ட் வழக்கில் காற்று திசை மாறியது. 1875-ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு நிலத்தின் வழியே ரயிலுக்குக் கொடுத்தது வழியுரிமை மட்டுமே, ரயில் கைவிடப்பட்டதும் அது அழிந்துவிடும், நிலம் பிற்பாடு வாங்கியவருக்கே என்று 8-க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பு. நாடு முழுக்கப் பாதை அமைப்பவர்கள் வயிற்றில் அது புளியைக் கரைத்தது. ஆனால் சேமிப்பில் வைத்த தடங்களை அந்தத் தீர்ப்பு தொடவில்லை. ஏனென்றால் அவை சட்டப்படி கைவிடப்படாதவை. பத்திரம் சரியாக எழுதிய இடம் பிழைத்தது. மிசூரியைக் குறுக்கே கடக்கும், சுமார் 385 கிலோமீட்டர் நீளமுள்ள கேட்டி பாதை இந்தச் சட்டத்தின் நிழலில் வந்ததுதான். எதிரே வீட்டுக்காரர்கள் வழக்கு, ஊடே மிசூரி ஆற்று வெள்ளம், எல்லாவற்றையும் தாண்டி நிற்கிறது.

அயர்லாந்துக்காரர்கள் வேறு வழி பிடித்தார்கள். அக்கில் தீவுப் பக்கம் போன ரயில் 1937-இல் நின்றபின் நிலம் விவசாயிகள் கைக்குப் போய்விட்டிருந்தது. 42 கிலோமீட்டர் கிரேட் வெஸ்டர்ன் பாதைக்காக மேயோ கவுண்டிக்காரர்கள் நிலத்தைக் கையகப்படுத்தவில்லை; ஒவ்வொரு விவசாயியையும் வீடு தேடிப்போய்ப் பேசி, சொந்தம் உங்களுக்கே, நடக்க மட்டும் விடுங்கள் என்று அனுமதி வாங்கினார்கள். 2011-இல் முழுப் பாதையும் திறந்தது. அழகான ஏற்பாடு, ஆனால் அனுமதி என்பது திரும்பப் பெறக்கூடியது. ஸ்பெயினில் 1993-இல் தொடங்கிய பசுமை வழித் திட்டத்தில் இதுவரை 3,000 கிலோமீட்டருக்கும் மேல் பாதையாகியிருக்கிறது. அங்கே பழைய நிலையங்களையே உணவகமாகவும் தங்கும் விடுதியாகவும் மாற்றி வைத்திருக்கிறார்கள்.

கிராமத்தில் இது வரம். பெருநகரத்தில் இதற்கு ஒரு விலை உண்டு, அதை வாடகைக்கு இருப்பவர் கட்டுகிறார். நியூயார்க்கின் ஹை லைன், தெருவுக்கு மேலே தூண்களில் போன சரக்கு ரயில் தடம். 1980-இல் வண்டி நின்றது, 2009-இல் பூங்காவாகத் திறந்தது. அதற்கும் முன்னோடியாக 1993-இலேயே பாரிஸில் ஒரு மேம்பாலத் தோட்டம் வந்துவிட்டது. ஹை லைனைச் சுற்றி எழுந்த கண்ணாடி மாளிகைகளில் குடியேறியவர்கள் யார் என்பது ஊரறிந்த கதை. சிகாகோவில் 2015-இல் திறந்த 606 பாதையின் மேற்குப் பகுதியில் லத்தீனோ குடும்பங்கள் வாழ்ந்த பழைய வீடுகள் இடிந்து பணக்கார வீடுகள் முளைக்க, 2021-இல் நகராட்சி அதைத் தடுக்க விதி கொண்டுவர வேண்டியதாயிற்று. அட்லாண்டாவைச் சுற்றி 35 கிலோமீட்டருக்கு வரும் பெல்ட்லைன், ரயன் கிராவெல் என்ற மாணவர் 1999-இல் எழுதிய முதுகலை ஆய்வேட்டில் பிறந்தது. ஏழைகளுக்கான வீடுகள் பற்றிய வாக்குறுதி பின்தங்குகிறது என்று 2016-இல் அவரே அந்தத் திட்டத்தின் நிர்வாகக் குழுவிலிருந்து விலகினார். பாதையைப் பெற்றெடுத்தவரே வெளியேறிய திட்டத்தைப் பார்த்து, நம் ஊர் ஸ்மார்ட் சிட்டிக்காரர்கள் படத்தை மட்டும் நகலெடுக்காமல் இருந்தால் நல்லது. தடம் திறக்கும் முன்பே அக்கம்பக்கத்தில் குறைந்த வாடகை வீடுகளுக்கு நிலம் ஒதுக்க வேண்டும்; திறந்தபின் விலை ஏறிய நிலத்தில் ஒதுக்குவது நடவாத காரியம்.

தொழில்நுட்பத்தில் பெரிய மர்மம் ஏதுமில்லை, ஆனால் அலட்சியம் செய்யக் கூடாதவை இரண்டு உண்டு. ஒன்று, மண். சிலிப்பர் கட்டைகளில் ஊறிய கிரியோசோட் எண்ணெய், களை கொல்ல அந்தக் காலத்தில் தெளித்த ஆர்சனிக் மருந்து, எஞ்சின் கசிவு எல்லாம் தடத்து மண்ணில் இருக்கும். சோதித்துப் பார்த்து, தேவையான இடத்தில் சுத்தமான மண்ணோ தளமோ போட்டு மூடிவிட வேண்டும். இரண்டு, தண்ணீர். ரயில் கரை ஒரு நீண்ட அணை மாதிரி. அதன் அடியில் இருக்கும் சின்னச் சின்ன மதகுகள் அடைபட்டால் மேல்பக்க வயலெல்லாம் மூழ்கும், கரையும் அரிக்கும். ரயில்வே இருந்தபோது கேங்மேன் தினமும் நடந்து பார்த்தார். பாதை வந்த பிறகு யார் நடந்து பார்ப்பது என்பதைத் திட்ட அறிக்கையில் எழுதாமல் விட்டால், மூன்று மழைக்காலம் தாங்காது.

இந்தியாவில் இந்தப் பேச்சு பிந்தித்தான் வந்தது. காரணம் எளிது: இங்கே பாதைகளை மூடியதைவிட மாற்றியதே அதிகம். 1992-இல் தொடங்கிய ஒரே அகலத் திட்டத்தில் மீட்டர் கேஜ் தடங்கள் அகலப் பாதைகளாயின. மூடிய தடம் நகரத்துக்குள் இருந்தால் சாலைதான் ஜெயித்தது. பாட்னாவின் ஆர் பிளாக்கிலிருந்து திகா வரை போன சுமார் 6 கிலோமீட்டர் தடத்தை பீகார் அரசு ரயில்வேயிடமிருந்து வாங்கி, அடல் பாதை என்ற பெரிய சாலையாக்கி 2021-இல் திறந்தது. நெரிசல் குறைந்தது, அதை மறுக்க முடியாது. மரமடர்ந்த நடைவழியாக அது இருந்திருக்கலாமே என்ற கேள்வி திட்டத்தில் பெரிதாக எழுந்ததாகத் தெரியவில்லை.

நிலம் கையைவிட்டுப் போகாததால் ரயில் திரும்பியதற்கு நமக்கே நல்ல சான்றுகள் உண்டு. மதுரை–போடி தடம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெயர்த்தெடுக்கப்பட்டு, 1950-களில் மறுபடி போடப்பட்டது. 2010 இறுதியில் அகலப்படுத்துவதற்காக மீண்டும் நின்றது. தேனிக்கு ரயில் வர 2022 ஆயிற்று. போடிக்கு வந்தது 2023 ஜூனில். இலங்கையில் 1990-இல் யாழ்ப்பாணத்து ரயில் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. தடம் இருந்த இடம் தெரியாமல் பற்றை மூடியது. ஆனாலும் 2014 அக்டோபரில் யாழ்தேவி ரயில் மறுபடியும் யாழ்ப்பாணம் வந்தது. தண்டவாளம் போனால் வாங்கிக்கொள்ளலாம். காங்கேசன்துறை வரை அந்த நாடா நிலம் பத்திரம் பத்திரமாகக் கைமாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி மயிலாடுதுறை–தரங்கம்பாடி. 1926-இல் திறந்து 1986-இல் மூடிய, ஏறக்குறைய 30 கிலோமீட்டர் மீட்டர் கேஜ் கிளைப்பாதை. செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் வழியாக டேனியர் கோட்டை நிற்கும் கடற்கரைக்குப் போனது. ரயிலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது அந்தப் பகுதி மக்களின் நெடுநாள் கோரிக்கை. அங்கே போய் நடைபாதை போடலாம் என்று சொன்னால், ரயிலைக் கேட்டால் சைக்கிளைக் கொடுக்கிறீர்களா என்று கேட்பார்கள். சரியான கேள்வி. ஆனால் நாற்பது ஆண்டாகக் காத்திருக்கிற தடத்தில் ஒவ்வோராண்டும் ஒரு கொட்டகை, ஒரு சுவர், ஒரு வரப்பு கூடிக்கொண்டே போனால், ரயில் அனுமதி வரும் நாளில் நிலம் இருக்காது. ஆள் நடமாடும் தடத்தை ஆக்கிரமிப்பது கடினம். சேமிப்பில் வைத்த தடம் என்ற அமெரிக்க ஏற்பாட்டின் உண்மையான பயன் எனக்கு இதுவாகத்தான் தெரிகிறது.

இன்னொன்று. மேற்கத்திய நாடுகளில் இத்தகைய பாதைகளைப் பெரும்பாலும் சுற்றுலா என்று எழுதுகிறார்கள். டெல்டாவில் அதை முதலில் பயன்படுத்தப் போகிறவர்கள், அரசு கொடுத்த இலவச சைக்கிளில் மேல்நிலைப் பள்ளிக்குப் போகும் பிளஸ் ஒன் மாணவர்கள். லாரியும் பேருந்தும் உரசிக்கொண்டு போகும் சாலையோரத்தில் மூன்று மூன்று பேராகப் போகிற அந்தப் பெண்பிள்ளைகளுக்குத் தனி வழி கிடைப்பது சுற்றுலா ஆகாது. அவர்களுக்கு மாலை ஏழு மணி வரை விளக்கு வேண்டும். வேலிக்கருவை வெட்டி நிழலுக்குப் புங்கனும் பூவரசும் வைக்க வேண்டும். வயல்காரர் மாட்டு வண்டியும் அறுவடை இயந்திரமும் குறுக்கே கடக்க இடம் விட வேண்டும். குடிக்கத் தண்ணீர் வேண்டும். கான்கிரீட் செல்ஃபி மேடை வேண்டாம்.

எனவே என் தீர்ப்பு நிபந்தனையோடு சாதகம். நிலம் ரயில்வேயின் பேரிலேயே இருக்க வேண்டும். துண்டுபோட்டுக் குத்தகைக்கோ வணிக வளாகத்துக்கோ விடக் கூடாது. பாதை இடைக்காலப் பயன்பாடு என்றும், ரயில் வரும் நாளில் ஓரம் ஒதுங்கும் என்றும் எழுத்தில் இருக்க வேண்டும். பராமரிப்புக்கு ஊராட்சிகளுக்கு ஆண்டுதோறும் பணம் வர வேண்டும். ரயில்வேயும் மயிலாடுதுறை மாவட்ட நிர்வாகமும் இதற்காகப் பெரிய திட்ட அறிக்கை எதற்கும் காத்திருக்கத் தேவையில்லை. பழைய வரைபடத்தை எடுத்துக்கொண்டு சர்வேயரை அனுப்பி, 30 கிலோமீட்டரையும் அளந்து எல்லைக் கல் நடட்டும். அந்த வேலையை இந்த ஆண்டே தொடங்கலாம்.